ஆர்லிஸின் கல்லில் என்ன எழுதுவது

கார் வாசலில் வந்து நின்றபோது வெர்லீன் ஆளைப் பார்க்கவில்லை. கூரைமேல் கட்டியிருந்த பேஸைத்தான் பார்த்தாள். ஆளைவிட உயரமான, வயலினுக்குப் பெரியப்பா மாதிரியான அந்த வாத்தியத்தை இரண்டு படுக்கை விரிப்பில் சுற்றி, கழுத்து முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி கட்டியிருந்தார்கள். மெம்ஃபிஸிலிருந்து இரண்டு மணி நேரம் அப்படியே வந்திருந்தால், அது வழியில் பறந்துபோகாமல் வந்ததே பெரிய காரியம்.

அதன்பிறகுதான் ஆள். ஐம்பதைத் தாண்டியவர். எண்ணெய் பூசி நெற்றிக்கு மேல் அலையாகத் தூக்கிச் சீவிய முடி, கணுக்காலுக்கு மேல் மடித்துவிட்ட ஜீன்ஸ், தொந்தியில் இழுத்துப் பிடித்த கோடுபோட்ட சட்டை. 1957இல் இந்த ஊரின், வில்லோ பெண்டின், பையன்கள் எல்லாம் இப்படித்தான் திரிந்தார்கள். அவர்கள் பிறகு மாறிவிட்டார்கள். இவர் மாறாமல் வயதாகியிருந்தார்.

"நான் யோர்மா. பின்லாந்து. கடிதம் போட்டிருந்தேன், அம்மா."

"தெரியும். உள்ள வாங்க. பேஸு வெயில்ல வேணாம், அதையும் எடுத்துட்டு வாங்க."

வெர்லீனின் மறைந்த கணவன் ஆர்லிஸின் தங்கை நெல்டா, பீக்கன் பருப்பு வைத்துச் சுட்ட இனிப்போடு ஏற்கெனவே சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். அண்ணனின் கல்லறைக்குக் கல் வைக்க உலகத்தின் மறுமுனையிலிருந்து ஆள் வருகிறார் என்று தேவாலயத்தில் அறிவிப்புத் தாளிலேயே போடச் சொல்லியிருந்தாள். காலையில் கடைத்தெருவில் யோர்மா செய்ததும் அதற்குள் அவள் காதுக்கு வந்திருந்தது.

"காப்பிக் கடை டோரத்தியை, எழுபது வயசுக்காரியைப் பார்த்து, 'என் தங்கமே, என் கண்ணே, ஒரு காப்பி தா, இல்லேன்னா உசுரு போயிடும்'னு கேட்டீங்களாமே?"

யோர்மாவின் காது சிவந்தது. "எனக்கு இங்கிலீஷ் இசைத்தட்டுப் பாட்டுல இருந்துதான் வந்துச்சு. பள்ளிக்கூடத்துல கத்துக்கலை. தப்பா?"

"தப்பில்லை. அவ ரெண்டு பிஸ்கட் கூட வச்சா இல்ல?"

"மூணு."

வெர்லீன் சிரித்தாள். ஆனாலும் அவள் கண் சுவரில் சாய்த்து வைத்திருந்த பேஸிடமே போய்ப் போய் வந்தது. கடைசியாக ஒரு பேஸ் அவள் வீட்டில் இருந்தது 1961இல். துணி துவைக்கும் இயந்திரத்துக்காக அதைக் கொடுத்துவிட்டாள்.

யோர்மா பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் நீவி வைத்தார். தாம்பெரே நகரத்தில், ஐம்பதுகளின் ஆட்டப் பாட்டான ராக்கபில்லிக்கென்று இருக்கும் மன்றத்தின் இருநூற்றுச் சொச்சம் பேர் சேர்ந்து ஆர்லிஸுக்குக் கல் வைக்கிறார்கள். கல், ஊர்க் கல்வெட்டுக்காரன் கிளோவிஸின் பட்டறையில் தயாராக இருக்கிறது. எழுத்து மட்டும் வெட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை காலைக்குள் வாசகத்தைச் சொல்லிவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை யோர்மாவுக்கு விமானம். காகிதத்தில் எழுதியிருந்தது: *ஆர்லிஸ் ஸ்ட்ரவுட், 1935–2001. அந்தப் பேஸை வாசித்தவர்.*

"அழகா இருக்கு," என்றாள் நெல்டா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இல்லையா அண்ணி?"

வெர்லீன் எழுந்துபோய் அடுப்பில் இல்லாத எதையோ கிளறினாள்.

அந்தப் பேஸை வாசித்தது அவள்.

அது பெரிய ரகசியமாகத் தொடங்கவில்லை. அவளுடைய அண்ணன் டெல்மர்தான் பாடகன். அவன் குழுவில் பேஸ் வாசித்தவனை ராணுவத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். வாத்தியம் வீட்டு மூலையில் சும்மா நின்றது. பத்தொன்பது வயது வெர்லீன் பகலில் செருப்பு ஆலையில் தையல் இயந்திரம் ஓட்டிவிட்டு வந்து, கம்பியை இழுத்து விட்டு, உள்ளங்கையால் பலகையில் அறைந்து பழகினாள். அந்தக் குழுக்களில் டிரம் கிடையாது. பேஸ்தான் சுருதியும், பேஸ்தான் தாளமும். அறை விழ விழத்தான் ஆடுகிறவர்களின் கால் எழும். விரல் கிழியாமலிருக்க இரண்டு விரலில் வெள்ளை டேப் சுற்றிக்கொள்வாள். ஆர்லிஸ் அப்போது அவளைச் சுற்றி வந்துகொண்டிருந்த பையன். அவனுக்கு ஒரு வாத்தியமும் வராது. ஆனால் அவனிடம் கார் இருந்தது.

மெம்ஃபிஸில் ஒரு பிற்பகலில் ஒரே ஒரு இசைத்தட்டு பதிவுசெய்தார்கள். லேபிளில் டெல்மர் பெயர் மட்டும் இருந்தது. முந்நூறு தட்டுகூட விற்கவில்லை. டெல்மர் டிராக்டர் விற்கப் போனான், வெர்லீன் ஆர்லிஸைக் கல்யாணம் செய்துகொண்டாள், ஊர் அதை மறந்தது.

பத்தொன்பது வருஷம் கழித்து, ஹாலந்திலிருந்து ஒரு பத்திரிகை தபாலில் வந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தின் வாசலில் எடுத்த படம் அதில் இருந்தது. அதில் ஆர்லிஸ் பேஸைக் கட்டிப்பிடித்து நிற்கிறான். உள்ளே தூக்கிக்கொண்டு போகும்போது எடுத்தது. வெர்லீன் ஓரத்தில், பாதி முகம்தான். கீழே, பேஸ்: ஆர்லிஸ் ஸ்ட்ரவுட்.

அந்தக் குளிர்காலம் ஆர்லிஸ் அரிசி ஆலையில் முதுகு உடைந்து வேலை போய், நாலு மாதமாக ஒரே நாற்காலியில் கிடந்தான். பேசமாட்டான். அந்தப் படத்தைப் பார்த்த அன்று எழுந்துபோய் முகம் மழித்துக்கொண்டான். வெர்லீன் குளியலறை வாசலில் நின்று, சோப்பு நுரைக்குள் அவன் முகம் திரும்பி வருவதைப் பார்த்தாள். அவர்கள் தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லத்தான் அங்கே போயிருந்தாள். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கடிதங்கள் வந்தன. ஆர்லிஸ் மேசையில் உட்கார்ந்து பதில் எழுதுவான். அவள் சமையலறையிலிருந்து சொல்லுவாள்.

"ஏய், நம்ம கம்பி என்ன கம்பின்னு கேக்குறான் ஒருத்தன்."

"மேல ரெண்டும் குடல் நரம்பு. எஃகுன்னா விரலே போயிருக்கும்."

"எவ்வளவு உயரத்துல?"

"விரல் நுழையற அளவுன்னு எழுது."

யாராவது நேரில் வந்து வாசிக்கச் சொன்னால் உடைந்த முதுகைச் சாக்காகச் சொல்லிவிடுவான். அது பொய்யும் இல்லை.

இப்போது யோர்மா பெட்டியிலிருந்து ஒரு கட்டு எடுத்தார். ஆர்லிஸின் பதில்கள். இருபத்துமூன்று வருஷத்துக் கடிதங்கள், பிளாஸ்டிக் உறைகளில்.

"எல்லாத்துக்கும் பதில் சொன்னாரு. ஒண்ணுக்கு மட்டும் சொல்லலை. அந்தக் குழி."

"எந்தக் குழி?" என்றாள் வெர்லீன். நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை.

"ரெண்டாவது சரணம் முடியற இடத்துல பேஸ் தாளத்தை விட்டுட்டு நின்னுடும். நாலு தட்டு. ஒண்ணுமே இருக்காது, கிட்டார் மட்டும் தனியா அலையும். அப்புறம் டமால்னு பேஸ் வரும். உலகத்துல வேற எந்த இசைத்தட்டுலயும் அப்படி இல்லை. ஏன் அப்படி வச்சீங்கன்னு ஆறு தடவை கேட்டேன். 'அது அப்படித்தான்'னு எழுதிட்டாரு."

ஆறு தடவையும் ஆர்லிஸ் அவளிடம் கேட்டிருக்கவில்லை. கேட்டால் அவள் சிரிப்பாள் என்று நினைத்திருப்பான்.

யோர்மா ஒரு புகைப்படத்தை நீட்டினார். பெரிய கூடம், கூரையில் காகிதத் தோரணம், முந்நூறு பேர். பஸ் ஓட்டுநர்கள், நர்ஸுகள், ஒரு பல் வைத்தியர் என்று யோர்மா விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். வட்டப் பாவாடையும் உயர்த்திச் சீவிய முடியுமாக அத்தனை பேரும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

"இது என்ன, ஒத்தக் கால்ல?"

"குழி வர்ற நேரம். எங்க ஊர்ல அந்தப் பாட்டு போட்டா எல்லாரும் காலைத் தூக்கிட்டு நிப்போம். நாலு தட்டு. கீழ வச்சவன் அடுத்த ரவுண்டு பீர் வாங்கணும். என் பொண்ணு கல்யாணத்துலகூட நின்னோம். பாதிரியாரும் நின்னாரு."

வெர்லீன் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். அத்தனை முகத்திலும் ஒரே எதிர்பார்ப்பு. அடுத்த அறை விழுவதற்காக முந்நூறு பேர் மூச்சைப் பிடித்து நிற்கிறார்கள். அவளுடைய கை விழுவதற்காக.

"குளிர்ல இதுக்காக வெளிய வருவாங்களா சனங்க?"

"மைனஸ் இருபத்தஞ்சுல வந்திருக்காங்க."

"ஏன்?"

யோர்மா யோசித்தார். அந்தக் கேள்வியை இதுவரை அவரிடம் யாரும் கேட்கவில்லை போலிருந்தது. "அந்த இசைத்தட்டுல எல்லாரும் அவசரமா, சந்தோஷமா, கொஞ்சம் தப்பா வாசிக்கிறாங்க. இது நம்மாலயும் முடியும்னு தோணும். நான் பதினேழு வயசுல, பஸ் ரிப்பேர் வேலையில, பஸ்ஸுக்கு அடியில படுத்துக்கிட்டு அதைக் கேட்டேன். அப்புறம் வேற எங்கயும் போகத் தோணலை."

அன்று இரவு அவள் சரியாகத் தூங்கவில்லை. மறுநாள், வியாழக்கிழமை, படம் எடுக்கலாம் என்று யோர்மா வந்தார். பின்வாசல் வாதுமை மரத்தடியில், பேஸுக்குப் பக்கத்தில், பேஸ் வாசித்தவரின் மனைவியாக அவள் நிற்க வேண்டும். மன்றத்தின் புத்தகத்துக்காக. நெல்டாவும் நல்ல உடையில் வந்திருந்தாள்.

"சும்மா ஒரு கையை மேல வச்சு நில்லுங்க, அம்மா."

வெர்லீன் கையை வைத்தாள். கழுத்து அவள் தோளில் வந்து உட்கார்ந்தது. இதில் கட்டியிருந்தது எஃகுக் கம்பி.

"கொஞ்சம் இருங்க," என்று உள்ளே போனாள். மருந்துப் பெட்டியிலிருந்து டேப் எடுத்துவந்து, பல்லால் கடித்துக் கிழித்து, வலது கையின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் சுற்றினாள். மூட்டுக்கு மேலே இரண்டு சுற்று, கீழே ஒரு சுற்று. யோர்மா கேமராவைத் தாழ்த்தினார்.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

அவள் வாசித்தாள். முதல் சில அறைகள் வழுக்கின. பிறகு கை வழியைக் கண்டுபிடித்துக்கொண்டது. அறுபத்தாறு வயது உள்ளங்கை பலகையில் விழும் சத்தம் பக்கத்து வீட்டு நாயை எழுப்பியது. யோர்மா உதட்டுக்குள்ளேயே பாடினார், ஒரு வார்த்தை பிசகாமல். இரண்டாவது சரணம் முடிந்தது. அவர் தன்னை அறியாமல் ஒரு காலைத் தூக்கினார்.

வெர்லீன் நிறுத்தவில்லை. நாலு தட்டையும் நிரப்பிக்கொண்டு நேராகப் போனாள். யோர்மா தடுமாறி மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"குழி எங்க?"

"அன்னிக்கு இந்த விரல் டேப் கழண்டு கம்பியில ஒட்டிக்கிச்சு. பிய்ச்சு எறிய நாலு தட்டு ஆச்சு. இன்னொரு தடவை எடுக்கக் கூடத்துல நேரமில்லைன்னுட்டாங்க." கையைத் தூக்கிக் காட்டினாள். "இன்னிக்கு நல்லா ஒட்டியிருக்கு."

யோர்மா வேரின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இருபத்துமூணு வருஷம் வேற ஆளுக்கு எழுதியிருக்கேன்."

"பதில் சரியான ஆளுதான் சொல்லுச்சு. குடல் நரம்பு, விரல் நுழையற உயரம். எல்லாம் இங்கிருந்து போனதுதான்."

நெல்டாதான் வெடித்தாள். குரலை உயர்த்தாமல், அதனாலேயே மோசமாக. "செத்து மூணு வருஷம் ஆச்சு. அவனுக்குன்னு வேற என்ன இருந்துச்சு, அண்ணி? வீடா, பேரா? அது ஒண்ணுதான். அதையும் கல்லுல எழுத்து வெட்டறதுக்கு முந்தின நாள் பிடுங்கிக்கணுமா?"

"நான் பிடுங்கிக்கணும்னா அவன் இருக்கும்போதே பிடுங்கியிருப்பேன்."

"அப்ப இப்ப ஏன்?"

வெர்லீன் டேப்பைப் பிரித்தபடி இருந்தாள். புகைப்படத்தில் காலைத் தூக்கி நின்ற அந்த நர்ஸுகளை நினைத்தாள். "அந்தச் சனங்க குளிர்ல எனக்காகக் காத்துக்கிட்டு நிக்கறாங்க, நெல்டா. எனக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்ச பிறகு கல்லுல பொய்யை வெட்டி, அதுக்கு நானே ஞாயித்துக்கிழமை பூ வைக்க முடியாது."

"அப்ப கல்லு வேணாம்னு சொல்லிடுங்க."

"கல்லு வேணும்," என்றாள் வெர்லீன். பிறகு யோர்மாவைப் பார்த்தாள். "நீங்க இதை மெம்ஃபிஸ்லேர்ந்து எப்படிக் கொண்டுவந்தீங்க?"

"பயந்துகிட்டே. நாலு தடவை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன்."

"ஒரு தடவைதான் கொண்டுவந்தீங்க. அவன் ரெண்டரை வருஷம், வாரத்துக்கு மூணு ராத்திரி கொண்டுபோனான். நெடுஞ்சாலை நடனக் கூடம் ஒண்ணு விடாம. மழைன்னா தன் கோட்டைக் கழட்டி அதுக்குப் போர்த்துவான். கயிறை நம்பமாட்டான், ஒரு கையால ஓட்டிக்கிட்டு இன்னொரு கையை ஜன்னல் வழியா மேல விட்டுப் பிடிச்சுக்கிட்டே வருவான். எனக்கு அதைத் தூக்கி ஒரு படி ஏறத் தெம்பு கிடையாது. அவன் இல்லேன்னா அந்த இசைத்தட்டுல பேஸே இல்லை."

நெல்டா தன் நல்ல உடையின் மடிப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "இடது கை. தோள் வரைக்கும் கறுத்தே கிடக்கும். வலது கை வெள்ளையா இருக்கும். வேற வேற ஆளு கை மாதிரி இருக்குன்னு அம்மா திட்டுவாங்க."

"வெயில்லயும் அப்படித்தான் பிடிச்சுக்கிட்டு வருவான்," என்றாள் வெர்லீன்.

யோர்மா காகிதத்தை எடுத்து, கடைசி வார்த்தையை அடித்துவிட்டு, பேனாவை அவளிடம் நீட்டினார். அவள் எழுதி நெல்டாவிடம் கொடுத்தாள். நெல்டா இரண்டு தடவை படித்தாள். அழகாக இருக்கிறது என்று இந்த முறை சொல்லவில்லை. காகிதத்தைத் திருப்பியும் தரவில்லை. தானே உள்ளே போய்க் கிளோவிஸுக்குத் தொலைபேசினாள்.

"எழுதிக்கோ. ஆர்லிஸ் ஸ்ட்ரவுட். வருஷம் அதேதான். கீழ, 'அந்தப் பேஸைச் சுமந்தவர்'. ஆமா, சுமந்தவர். இல்ல, வாசிச்சவர் இல்ல. காது கேக்குதா உனக்கு?" அந்தப் பக்கம் அவன் ஏதோ கேட்டான். நெல்டா ரிசீவரைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். "கல்லுல பக்கத்துல உங்களுக்குன்னு பாதி இடம் விட்டிருக்கானாம். அங்க 'வாசிச்சவர்'னு இப்பவே வெட்டிடவான்னு கேக்கறான்."

"நான் இன்னும் சாகலைன்னு சொல்லு."

அதையும் அப்படியே சொன்னாள்.

வெயில் தாழ்ந்தபோது பேஸைத் திரும்பக் கட்டினார்கள். யோர்மா கழுத்தை முன்பக்கமாக வைக்கப்போனார். வெர்லீன் தடுத்தாள்.

"திருப்புங்க. கழுத்து பின்னால போகணும். முதுகு கீழ. போர்வையை மடிச்சு இடுப்புக்கு அடியில குடுங்க. இப்ப காத்து மேலயே போயிடும்."

காரின் அந்தப் பக்கம் நெல்டா கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, சக்கரத்தில் ஒரு காலை ஊன்றி இழுத்தாள்.

"இன்னும் கொஞ்சம், அண்ணி," என்றாள். "அண்ணன் இவ்வளவு தளர்வா விடமாட்டான்."