வெறும் வீதியில் ஒரு சிவப்புக் கோடு

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. இனியாவது நிம்மதி என்று எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கண்டிப் பக்கம் முஸ்லிம்களுக்கு எதிராகக் கலவரம் வந்ததே, அந்த வாரத்தில் நடந்தது இது. நான் அப்போது கண்டி நகரில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் வரவேற்பில் வேலை பார்த்தேன். சொந்த ஊர் மடுல்கெல்லப் பக்கத் தோட்டம். நகரத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன்.

முதலில் என் மோட்டார் சைக்கிளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் டுபாய்க்குப் போகும்போது என்னிடம் விட்டுவிட்டுப் போனது. ஸ்கூட்டி இல்லை, கியர் வைத்த பெரிய வண்டி. ஒரு பெண் அதை ஓட்டிக்கொண்டு போனால் பஸ்ஸில் இருப்பவர்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டுமே என்று நானும் இன்னும் கொஞ்சம் முறுக்குவேன். கைப்பிடியில் போனை மாட்டி மேப்பைத் திறந்து வைத்துக்கொள்வதும் வழக்கம். வழி தெரியாமல் அல்ல. போய்ச் சேரும் நேரம் என்று அது ஒன்றைக் காட்டுமே, அதைத் தோற்கடிப்பதில் எனக்கு ஒரு கிறுக்கு.

தோற்கடிப்பது பெரிய விஷயமும் இல்லை. என் போனில் மோட்டார் சைக்கிளுக்கென்று தனிக் கணக்கு அப்போது கிடையாது. காருக்கான நேரத்தையே எனக்கும் சொல்லும். வாகனங்கள் முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தைச் சிவப்பாகக் காட்டி, நேரத்தைக் கூட்டிவிடும். கார்க்காரருக்கு அது சரி. நாங்கள் இடுக்கில் நுழைந்து போய்க்கொண்டே இருப்போம். அதனால் சிவப்பைக் கண்டால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

என்னோடு வேலை செய்தவர்களில் எனக்கு மிகவும் நெருங்கியவர் இரத்தப் பரிசோதனைப் பகுதியில் இருந்த ஒரு முஸ்லிம் பெண். என்னைவிட மூத்தவர். அக்காவை அவர்கள் ராத்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிடுவேன். கணவருக்குக் கட்டார் நாட்டில் வேலை. குண்டசாலைக்கு அப்பால், பெரிய வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு சின்னப் பாதையில் அவர் வீடு. வீட்டில் முழங்கால் நோவால் நடக்கவே சிரமப்படும் தாயும், நாலு வயது மகளும் இருந்தார்கள். எங்கே நெரிசல் என்று இந்த மேப்புக்கு எப்படித் தெரியும் என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ராத்தா கேட்டார். நான் பெரிய மேதாவி மாதிரி விளக்கினேன்.

"எல்லார் பையிலயும் போன் இருக்குல்ல ராத்தா. அதெல்லாம் எவ்வளவு வேகமா நகருதுன்னு அது பாத்துக்கிட்டே இருக்கும். நெறைய போன் ஒரே எடத்துல மெதுவா நகந்தா செவப்பாக்கிடும். அவ்வளவுதான்."

"அப்ப நம்மளயும் எண்ணிக்கிட்டுத்தான் ஈக்கிதா?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார். 'இருக்கு' என்பது அவர் வாயில் 'ஈக்கி' என்றுதான் வரும்.

கலவரம் வந்த அன்று காலையிலிருந்தே பேச்சு ஒரு மாதிரியாக இருந்தது. ராத்தாவின் ஊருக்குப் போகும் வழியில் எங்கோ கடைகள் எரிகின்றன என்றார்கள். பள்ளிவாசல் ஒன்றுக்குக் கல்லடித்தார்கள் என்றார்கள். மத்தியானத்துக்குள் அந்தப் பக்கம் போகும் பஸ்கள் நின்றுவிட்டன. பின்னேரம் ஊரடங்கு என்று அறிவித்ததும் எங்கள் இடத்தையும் மூடத் தொடங்கினார்கள். ராத்தாவின் தாய் போனில் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறோம், நீ வராதே மகள், வழியில் உனக்கு ஏதும் ஆகிவிடும் என்று சொல்லியிருக்கிறார். ராத்தா அழவில்லை. கையுறையைக் கழற்றாமல் அப்படியே நின்றார். அந்த நிற்பை என்னால் பார்க்க முடியவில்லை. தமிழர்களை அடித்த எண்பத்து மூன்று கலவரத்தில் என் அம்மா கைக்குழந்தையோடு மரவள்ளிச் செடிகளுக்குள் ஒளிந்திருந்தவர். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

"ஏறுங்க ராத்தா, போவோம்," என்றேன்.

அவர் அணிந்திருந்த அபாயா அங்கிக்கு மேல் என் மழைக் கோட்டைப் போட்டுவிட்டேன். முகத்தை முழுக்க மூடும் தலைக்கவசத்தை அவருக்குக் கொடுத்தேன். பார்ப்பவர்களுக்கு யாரோ ஒரு பெண், அவ்வளவுதான். மேப் முப்பத்தெட்டு நிமிடம் என்றது. இருபத்தைந்தில் போய்விடலாம் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

நான் அப்படி ஒரு கண்டியைப் பார்த்ததே இல்லை. கடைகளெல்லாம் இழுத்து மூடிக் கிடந்தன. ஒரு மனுசர் இல்லை. தென்னகும்புரப் பாலத்தடியில் நின்ற பொலிஸ்காரர் சீக்கிரம் வீட்டுக்குப் போங்கள் என்று கையைக் காட்டினார். பாலத்துக்கு அப்பால் நாய்கள்கூடக் குரைக்கவில்லை. யாரோ வெளியே காயப் போட்ட துணிகளை எடுக்க மறந்து கதவைச் சாத்தியிருந்தார்கள். மேப்பில் வீதி முழுக்க நல்ல நீலமாக இருந்தது. இவ்வளவு லேசாக இந்த வீதியில் நான் ஒருநாளும் போனதில்லை. அந்த லேசுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

குண்டசாலையைத் தாண்டியதும்தான் கவனித்தேன். வெறும் வீதியில் பறந்துகொண்டிருக்கிறோம், நேரம் குறைய வேண்டும். அது கூடிக்கொண்டிருந்தது. முதலில் நாலு நிமிடம் ஏறியது. கொஞ்ச தூரம் போவதற்குள் இன்னும் ஒன்பது. பார்த்தால், எங்களுக்கு முன்னால், ராத்தாவின் பாதை இறங்கும் சந்திக்குச் சற்று இப்பக்கம், ஒரு சிவப்புக் கோடு.

எனக்குப் பழக்க தோஷம். சிவப்பைக் கண்டதும் கை தானாக முறுக்கியது. எங்கேயோ லொறி ஒன்று குறுக்கே நிற்கிறது, ஓரத்தால் நுழைந்துவிடலாம் என்று வேகத்தைக் கூட்டினேன். ராத்தா என் தோளில் பலமாகத் தட்டினார்.

"நிப்பாட்டுங்க புள்ள. நிப்பாட்டுங்க."

ஒரு பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அவர் தலைக்கவசக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் போனையே பார்த்தார்.

"சனமெல்லாம் ஊட்டுக்குள்ள. ரோட்டுல ஒரு வாகனம் இல்ல. அப்ப அங்க செவப்பா ஈக்கிறது ஆரு?"

இஞ்சினை அணைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. இரண்டு பேரும் போனின் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கோடு நீண்டது. அதைவிடக் கொடுமை, அது நகர்ந்தது. ஒரு மனிதன் நடக்கும் வேகத்தில், கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கூட்டமாக நடக்கிறவர்கள், ஒவ்வொருவர் பையிலும் ஒரு போன். அந்தக் கணக்கை விளக்கிச் சொன்னவளே நான்தான், அன்றைக்கு அதைப் படிக்கத் தெரியாமல் ஓட்டியவளும் நான்தான்.

திரும்பிப் போகலாம் என்று நான் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆற்றுப் பக்கமாக வயல் ஓரத்தால் ஒரு பாதை இருக்கிறது, அதில் கார் போகாது, மாடுதான் போகும் என்றார். வண்டியைத் திருப்பினேன். மேப்புக்கு அது பிடிக்கவில்லை. திரும்பிப் பெரிய வீதிக்கே போ என்று பெண் குரலில் சொல்லிக்கொண்டே இருந்தது. அதன் கணக்கில் இன்னமும் அதுதான் சீக்கிரமான வழி. நாங்கள் விலக விலக நேரம் ஏறிக்கொண்டே போனது. சேற்றில் இரண்டு தடவை வழுக்கினோம். எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வோம் என்பது வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குத் தெரியவில்லை. அந்தச் சிவப்புக்கு முன்னால் போய்விட வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

பின்பக்கத்தால் வீட்டு முற்றத்துக்கு ஏறினோம். முன்கதவில் வெளியிலிருந்து ஒரு பெரிய பூட்டு தொங்கியது. ராத்தாவின் வீட்டுப் பூட்டு அல்ல. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை. அந்த நேரம் பார்த்துப் போன் உரக்கச் சொன்னது, நீங்கள் சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று. அந்தக் குரல் இன்றைக்கும் காதில் இருக்கிறது. ராத்தா கதவில் இரண்டு கையையும் வைத்து, "உம்மா," என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ மெதுவாகச் சீட்டி அடித்த மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்மணி. கழிவுத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் தகராறில் அவரும் ராத்தாவும் மாதக் கணக்கில் முகம் பார்ப்பதில்லை. அவரைப் பற்றி ராத்தா என்னிடம் சொல்லாத குறை இல்லை.

"சத்தம் போடாதே நங்கி," என்று தங்கச்சியை அழைப்பதுபோலச் சிங்களத்தில் சொன்னார். "என்னுடைய பூட்டுத்தான் அது. ஆளில்லாத வீடு என்று நினைக்கட்டும். அம்மாவும் பிள்ளையும் என்னிடம்தான். பைக்கையும் உள்ளே தள்ளு."

அவர் வீட்டு விறகு அறையில் தேங்காய் மட்டைக் குவியலுக்குப் பின்னால் ராத்தாவின் தாயும் மகளும் இருந்தார்கள். ராத்தா பிள்ளையை அள்ளி எடுத்த எடுப்பில் மழைக் கோட்டின் கை கிழிந்துபோனது. வண்டியின் மேல் சாக்குகளைப் போட்டு மூடினோம். அந்தப் பெண்மணியின் கணவர் வெளியே போய் வாசலில் நின்றுகொண்டார்.

போனின் சத்தத்தையும் வெளிச்சத்தையும் குறைத்து மடியில் வைத்திருந்தேன். கோடு சந்திக்கு வந்துவிட்டது. அங்கேயே நின்றது. போய்விடு, போய்விடு என்று மனதுக்குள் சொன்னேன். பிறகு, ஒருநாளும் மேப் நிறம் காட்டாத அந்தச் சின்னப் பாதையின் வாய் சிவந்தது. பிள்ளை ராத்தாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"உம்மா, இந்தப் பாம்பு எங்கட ஊட்டுக்கா வருது?"

ராத்தாவின் தாய் உதடு மட்டும் அசைய ஓதிக்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிள்களின் உறுமல் கேட்டது, பிறகு நிறையக் கால்கள். அடுத்த வீட்டில் ஆள் இருக்கிறதா என்று ஒருவன் கேட்டான். அவர்கள் கம்பளை ஊருக்குப் போய் இரண்டு நாளாகிறது, பூட்டுத் தெரியவில்லையா என்றார் வாசலில் நின்ற வீட்டுக்காரர். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ராத்தாவை நோக்கிக் கையை நீட்டினார். ராத்தா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். கூரையில் கற்கள் விழுந்தன. ராத்தாவின் வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்தது. கதவை யாரும் தொடவில்லை.

காலடிகள் தேய்ந்தன. பாதை முனையிலிருந்த சில்லறைக் கடையைக் கொளுத்தியிருக்கிறார்கள். புகை விறகு அறைக்குள்ளும் வந்தது. போனில் திரும்பும் வழியைப் போட்டுப் பார்த்தேன். சிவப்பு போய்விட்டிருந்தது. எரிகிற கடைக்கு முன்னாலுள்ள வீதி நல்ல நீலமாகத் தெரிந்தது. கண்டிக்குப் போக முப்பத்தெட்டு நிமிடம், பாதையில் தடை எதுவும் இல்லை என்றது. போனை அணைத்து வைத்தேன்.

ஊரடங்கு தளரும்வரை அந்த வீட்டில்தான் எல்லோரும் இருந்தோம். வாய்க்கால் பிரச்சினை பிறகும் தீர்ந்தபாடில்லை, அடிக்கடி சண்டை போடுகிறோம் என்று ராத்தா சொல்வார், சொல்லும்போதே சிரிப்பார். எனக்கும் இப்போது நேரத்தோடு பந்தயம் ஓடும் ஆசை விட்டுப்போனது. வீதியில் சிவப்பைக் கண்டால், அங்கே நிற்பது யார் என்ற கேள்விதான் முதலில் வருகிறது. மேப்பை மீறி, சேற்றில் விழுந்தெழும்பி எவ்வளவு வேகமாக வந்தாலும், நாங்கள் வருவதற்கு வெகுநேரம் முன்பே அந்தக் கதவுக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது. எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வோம் என்ற கணக்கெல்லாம் தூரத்திலிருந்து வருகிற எங்களுக்குத்தான், பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கு ஒரு வேலியைத் தாண்டுகிற மனம் மட்டுமே வேண்டியிருந்தது.