தேசிங்கு அண்ணாச்சி விட்ட தண்ணீர்

மகள் நீச்சல் கற்கிறாள். குளத்தோரம் உட்கார்ந்து அவள் செருப்புக்குக் காவல் இருப்பது என் வேலை. பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் ஏறினால் போதும், ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று உடம்பு பதறும். எத்தனை வயதானாலும் இந்த உடம்புக்குப் புத்தி வராது போலிருக்கிறது.

சுங்குவார்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். பேர் எதற்கு, விடுங்கள். கம்பெனிகள் வந்த புதிது. விளாத்திகுளம் பக்கமிருந்து வந்த நாங்கள் நாலு பேர் ஓர் அறையில் கிடந்தோம். மாட்டுக்கொட்டகை இருந்த இடமெல்லாம் வாடகை அறைகள் எழும்பி ஊர் வீங்கிவிட்டது. தண்ணீர்த் தொட்டி மட்டும் பழைய ஒன்றுதான். மோட்டார் போட்டு, பிளீச்சிங் கலந்து, தெருத்தெருவாக வால்வு திறந்துவிடுகிறவர் தேசிங்கு. பஞ்சாயத்து வேலை. திறந்த கையோடு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போவார். "தண்ணி வுட்டாச்சேய்!" ஷிஃப்டுக்குக் கிளம்புமுன் குளித்தாக வேண்டும்; நாங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம்.

நாளுக்கு ஒரு தடவை நிரப்பிய தொட்டியை இப்போது மூன்று தடவை நிரப்ப வேண்டியிருந்தது. சம்பளம் என்னவோ அதேதான், அரிசிக்கே இழுபறி. பெரிய பெண்ணைப் பத்தாவதோடு நிறுத்திக் கம்பெனிக்கு அனுப்பலாம் என்று அவர் வீட்டில் பேச்சு. மனுஷன் அதை நினைத்தே இளைத்துக்கொண்டிருந்தார். சம்பளம் ஏற்றிக் கேட்டதற்கு ஊர்த் தலைவர் சிரித்தாராம். "சுவிட்சு போடற வேலைக்கு இன்னாய்யா சம்பளம்?"

என் அறைக்காரன் முருகனுக்கு மூக்குக்கு மேல் கோபம். "ஒரு நாள் மோட்டார் போடாதீங்க அண்ணாச்சி. ஊரே நாறட்டும். பொறவு தெரியும்."

நாங்களும் சேர்ந்து ஏற்றிவிட்டோம். தரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "சரி தம்பி, நாளிக்குப் போடல" என்றார். நாங்கள் பெரிய போராளிகள் அல்லவா, அன்று சாயங்காலமே சோறாக்கும் குண்டான் வரைக்கும் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டோம்.

விடியற்காலையில் மணிச் சத்தம். "தண்ணி வுட்டாச்சேய்!"

முருகன் கைலியோடு தெருவுக்குப் பாய்ந்தான். "என்ன அண்ணாச்சி, இப்படிப் பண்ணிட்டீய?"

"எதிர் வூட்டுப் பொண்ணு நேத்துதான் கொயந்தயத் தூக்கிகினு ஆஸ்பத்திரிலேர்ந்து வந்துகீது. தண்ணி இல்லாம அது இன்னா பண்ணும் தம்பி?"

எங்களுக்கு எரிச்சலாக வந்தது. இந்த நல்ல மனசை வைத்துத்தானே மனுஷனைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள்!

அந்தக் கோடையில் அவரை எங்கள் கம்பெனிக்குள்ளேயே பார்த்தேன். புல்வெளியில், கையில் ரப்பர் குழாயோடு. பஞ்சாயத்து வேலையை விட்டு, குடும்பத்தோடு பக்கத்து ஊருக்குப் போய்விட்டவருக்கு இப்போது காண்டிராக்டில் தோட்ட வேலை. பெண் மேலே படிக்கிறாளாம்.

"ஊர்ல தண்ணி வருதா தம்பி?" அதைத்தான் முதலில் கேட்டார்.

வருகிறது, அதே சம்பளத்துக்கு வேறு ஆள் போட்டிருக்கிறார்கள் என்றேன். அவர் குழாயை அடுத்த பக்கம் இழுத்துப் போட்டார்.

"புல்லுக்கு வுட்டா சோறு கெடைக்குது. ஊருக்கு வுட்டப்பதான் கெடைக்கல."

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். தொட்டியை இடித்துவிட்டார்கள். எங்கள் அறை இருந்த இடத்தில் நாலு மாடி. சைக்கிள் மணி கேட்கவில்லை. படிதோறும் தண்ணீர்க் கேன்; வண்டிக்காரர் இறக்க இறக்க, கேட்ட காசை முணுமுணுக்காமல் கொடுக்கிறார்கள். தேசிங்குக்குக் கொடுக்கத்தான் அந்த ஊரில் காசு இல்லாமல் போயிற்று.