நாம்பனை இறைச்சிக்கு அனுப்பிய கோடை

டோர்ட்மண்டுக்குத் தெற்கே மலைப்பக்கத்தில் இருந்த ஓர் இறைச்சி மாட்டுப் பண்ணையில் நானும் மனைவியும் சில வருடங்கள் வேலை செய்தோம். பண்ணைக்காரி அறுபதைத் தாண்டியவர். கணவர் இறந்தபின் எல்லாவற்றையும் தானே பார்த்துவந்தார்.

ஒரு வருடம் மழை பொய்த்தது. முற்றி நார் பற்றிய புல்லைத்தான் வெட்டிக் காயவைத்துச் சேர்த்தோம். குளிர்காலம் முழுவதும் அதையே போட்டோம். தானியத் தீவனம் எதுவும் சேர்க்கவில்லை. மாடுகளின் வயிறு நிறைந்திருந்தது. குளிருக்கு வளர்ந்த அடர்ந்த மயிர் விலா எலும்புகளை மூடியிருந்தது.

மாசிப் பனியில் கன்றுகள் பிறந்தன. இரண்டு எழும்பவே இல்லை. வெயில் வந்து தாய்மாடுகள் மயிர் உதிர்த்தபோதுதான் இடுப்பெலும்புகள் துருத்திக்கொண்டு தெரிந்தன.

"பச்சைப் புல்லுக்குப் போனால் இதுகள் தேறிடும்," என்றார் பண்ணைக்காரி.

மேய்ச்சல் நிலத்தில், சினைப்படுத்துவதற்காகப் பண்ணையின் நாம்பனை அவற்றோடு விட்டோம். சாதுவான காளை, நெற்றியைச் சொறிந்தால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். ஆனால் அது எந்த மாட்டையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. வாரக்கணக்கில் மேய்ந்தபடியே இருந்தது.

"இதுக்கு வயசு போயிட்டுது. இறைச்சிக்கு அனுப்புவம்," என்றார் பண்ணைக்காரி.

லொறி வந்தது. இழுக்க வேண்டியிருக்கவில்லை. என் பின்னாலேயே ஏறியது.

அயல் பண்ணையில் இருந்து கொண்டுவந்த இளம் காளையும் அப்படியே மேய்ந்துகொண்டு நின்றது. அதன் பிறகே மிருக வைத்தியரை அழைத்தோம். மாடு மாடாக ஸ்கேன் பார்த்துவிட்டு அவர் கையுறையைக் கழற்றினார்.

"நாம்பனில பிழையில்லை. குளிர்காலம் சத்தில்லாமல் கிடந்து, மெலிஞ்ச உடம்போட கண்டு போட்டிருக்குதுகள். இன்னும் பருவத்துக்கு வரேல்லை. வந்தால்தானே நாம்பன் கிட்டப் போகும்?"

"அப்ப பழையது?" என்றார் பண்ணைக்காரி.

"அதுவும் நல்லாத்தான் இருந்திருக்கும்."

பண்ணைக்காரி குழாயடிக்குப் போய், ஏற்கெனவே சுத்தமாக இருந்த சப்பாத்துகளை நெடுநேரம் கழுவிக்கொண்டு நின்றார்.

வீட்டில் மனைவி கேட்டாள், "வைத்தியர் என்னவாம்?"

"மாடுகள் பட்டினியாம்."

"வயிறு நிறையத்தானே போட்டனாங்கள்?"

"ஓம். வயிறு மட்டும்தான் நிறைஞ்சது."

இலையுதிர்காலத்தில் திரும்பவும் ஸ்கேன் பார்த்தோம். கோடைப் புல்லில் தேறிய சில மாடுகள் சினைப்பட்டிருந்தன. மற்றவற்றை ஏற்றி அனுப்பினோம். பிரித்துவிட்ட கன்றுகள் தொண்டை கட்டும்வரை கத்தின.

அந்தக் குளிர்காலத்தில் பார்லியும் தாது உப்பும் வந்திறங்கின. பண்ணைக்காரி வாளியைத் தானே தூக்கிக்கொண்டு மாடு மாடாகப் போய் முதுகைத் தடவிப் பார்த்தார். ஒரு காலை, பாதி வெறுமையான தொழுவத்தின் நடுவில் வாளியை இறக்கிவைத்தார்.

"இதுகள் கண்டு போடட்டும். பிறகு எல்லாத்தையும் குடுத்திடுவம். என்னால இனி ஏலாது."

சொன்னபடியே செய்தார். வசந்தத்தில் நாங்கள் வேலை தேடி டோர்ட்மண்டுக்குக் குடிபெயர்ந்தோம்.