நாக்கில் தட்டிய முனை

மெஷினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் பொறுக்கி, தாளில் டேப் போட்டு ஒட்டிக் காட்ட வேண்டும். அப்புறம்தான் புது ஊசி கிடைக்கும். நான் ஓவர்லாக் தைத்த கம்பெனியில் குழந்தைகளின் உடுப்புதான் ஏற்றுமதி. அதனால் இந்த விதியில் ரொம்பக் கண்டிப்பு. ஒரு நாள் என் ஊசி உடைந்து, முனை மட்டும் கிடைக்கவில்லை. லைனையே நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் குனிந்து தரையில் தேட, நான் அழாத குறையாக நின்றேன். அன்று தைத்த பீஸ் ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்தார்கள். எதிலும் இல்லை.

சில வாரம் கழித்து மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணம் வீங்கியது. சீழ் வடிந்து வீக்கம் வற்றியதும் கூராக ஏதோ நாக்கில் தட்டியது. காணாமல் போன முனை இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். தைக்கும்போது என் வாய் லேசாகத் திறந்தே இருக்கும். தெறித்தது உள்ளே ஏறியிருக்க வேண்டும்.

உடம்பில் ஏறிய ஊசி நகர்ந்து நகர்ந்து இதயத்துக்குப் போய்விடும் என்று சின்ன வயதில் கேள்விப்பட்டிருந்தேன். ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி லைன் நிற்கும், மறுபடி எல்லோரும் என்னையே பார்ப்பார்கள். வீட்டுக்காரரிடம் பல்வலி என்றேன். அவர் மெடிக்கலில் மாத்திரை வாங்கி வந்தார். வீக்கம் வற்றும், இரண்டு மாதத்தில் திரும்ப வரும். இப்படியே ஒன்றரை வருஷம். காலையில் எழுந்ததும் நாக்கால் தடவிப் பார்ப்பேன். முனை தட்டினால் நிம்மதி. இன்னும் நகரவில்லை.

பேக்கிங்கில் ஒரு அக்கா இருந்தார், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நான் சோற்றைத் தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் குடிப்பதைப் பார்த்துவிட்டு விடாமல் கேட்டார். சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாதபோது, உடுப்பில் ஊசி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் கைக்கருவியை எடுத்து வந்து வாயைத் திறக்கச் சொன்னார். நான் தாலிக்கொடியை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

கருவி கத்தியது.

மறுநாள் அவரே லீவு போட்டு என்னைப் பல் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனார். ஊசி இருக்கிறது என்று அக்காதான் சொன்னார். டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்து, அந்தச் சின்னப் படத்தை வெளிச்சத்தில் காட்டினார்.

"ஊசியெல்லாம் இல்லைங்க. பல்லுங்க இது. உங்களுக்கு ரெண்டு பல்லு அதிகமா இருக்குது."

ஒன்று இத்தனை வருஷமும் ஈறுக்குள் கிடந்து இப்போதுதான் தலை நீட்டியதாம். அதைச் சுற்றி உணவு தங்கித்தான் திரும்பத் திரும்பச் சீழ். மற்றொன்று மேலே தலைகீழாக இருந்தது. அது தொந்தரவு செய்யாதவரை இருக்கட்டும் என்றார்.

நான் மூன்று தடவை கேட்டேன், ஊசி இல்லையா என்று. மூன்று தடவையும் பொறுமையாக இல்லை என்றார்.

"அப்போ மிசினு ஏன் கத்துச்சு?" என்றார் அக்கா. கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் முந்தின நாள் போலவே தாலிக்கொடியைத் தாடை வரை தூக்கிப் பிடித்திருந்தேன். அதில் நாலு ஊக்கு தொங்கியது.

"ஏ புள்ள, ஊக்கையெல்லாம் வாய்க்கிட்ட வச்சிக்கிட்டு எனக்கு உசுரு போக வச்சிட்டியே."

மாத்திரை தின்று வீக்கம் வற்றியபின் பல்லை எடுத்தார்கள். அரிசியை விடக் கொஞ்சம் பெரிது, முனை மட்டும் கூர். தாளில் மடித்து பேக்கிங்குக்குக் கொண்டுபோனேன். அக்கா அதன்மேல் கருவியை இரண்டு தடவை ஓட்டினார். சத்தமே இல்லை.

"உன்ன மாதிரியேதான். வாயத் தொறக்க மாட்டேங்குது."

நான் வாயை மூடாமல் சிரித்தேன். தையல் இன்னும் பிரிக்கவில்லை, வலித்தது.

அந்த ஊசி முனை எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. என்னிடம் இல்லை.