முருகேசனுக்கு வந்த கேசட்

முருகேசன் போயிட்டான். காலையில, கல்ஃப்ல ருவைஸ் கேம்ப்ல ஒண்ணா இருந்த எங்க ரூம்மேட்ஸ் குரூப்ல தகவல்... தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில, டயாலிசிஸ்ல இருக்கும்போதே.

ஆளாளுக்குக் கும்பிடு ஸ்டிக்கர் போட்டுக்கிட்டு இருந்தாங்க. எனக்குக் கை வரல. ஏன்னா அவன் பொண்டாட்டி வசந்தா பேசி அனுப்பின கேசட்டை, அவன் கேக்கறதுக்கு முன்னாடியே பாட்டு ஏத்தி அழிச்ச புண்ணியவான் நான்தான்.

வசந்தா ஃபேஸ்புக்ல இல்ல. அந்த தைரியத்துலதான் இதை எழுதறேன்.

கேசட் காலம் அது. ஊர்ல போன்னா பக்கத்து வீட்டு போன்தான். வீட்டுப் பொம்பளைங்க பேசப் பேச நாலு பேர் டிவியை அணைச்சிட்டு உக்காந்து கேப்பாங்க. அதனால மனசுல இருக்கறதைக் கேசட்ல பேசி, லீவு முடிஞ்சு திரும்பற யார் கையிலயாவது குடுத்து விடுவாங்க.

அப்படி வந்த ஒண்ணு. கொண்டு வந்தவர் முருகேசன் கட்டில்ல வெச்சிட்டுப் போயிட்டார். பேரு இல்ல, லேபிள் இல்ல. முருகேசன் வெல்டர், சைட்ல இருந்தான். நான் ஸ்டோர்கீப்பர். அன்னைக்கு வயித்து வலின்னு பொய் சொல்லி ரூம்ல படுத்திருந்தேன்.

கிரேன் ஓட்டற பிலிப்பைன்ஸ்காரன் ரோமி எனக்கு ஒரு ஆல்பம் இரவல் குடுத்திருந்தான். அட்டையில வெள்ளை கோட்டு போட்ட அஞ்சு கறுப்பர்கள், ஒரு மாடிப்படியில வரிசையா. அமெரிக்காவுல ஒரு காலத்துல ஓடு ஓடுன்னு ஓடின குரூப். பேரை நான் தமிழ்ல எழுதினா அந்த அஞ்சு பேரும் சண்டைக்கு வருவாங்க, விடுங்க.

ஏ சைடுல ரெண்டு ஹிட். ஒண்ணு ‘போகாதே’ன்னு கெஞ்சற பாட்டு, இன்னொண்ணு ஆடற பாட்டு. எனக்கு அது ரெண்டும் போதும். காலி கேசட்டுன்னு நினைச்சு, கட்டில்ல கிடந்ததை டபுள் டெக்ல சொருகி ரெக்கார்டை அமுக்கிட்டேன்.

ரெண்டாவது பாட்டு முடிஞ்சதும் சரியா ஏறியிருக்கான்னு போட்டுப் பாத்தேன். பாட்டு... பாட்டு... அப்புறம் ஒரு பொம்பளைக் குரல். “...யோசிச்சுச் சொல்லுங்க. வெச்சிடறேன்.”

அவ்வளவுதான் மிச்சம். நிஜமாவே வயித்து வலி வந்துடுச்சு.

கேசட்டை இருந்த இடத்துலயே வெச்சேன். முருகேசன் டியூட்டி முடிஞ்சு வந்து, குளிச்சு, சட்டை மாத்தி, ஏதோ பொண்ணு பாக்கப் போறவன் மாதிரி உக்காந்து பிளேயை அமுக்கினான். அஞ்சு பேர் கோரஸா கெஞ்ச ஆரம்பிச்சாங்க. அவன் மூஞ்சியை நான் பாக்கல. துணி மடிச்சேன். என்னோட துணி கூட இல்ல அது.

“ஏர்போர்ட்ல செக் பண்ண வாங்கியிருப்பாங்க மாப்ள. பட்டனை மாத்தி அமுக்கிட்டாங்க போல”ன்னேன்.

“செக் பண்றவன் எதுக்குடா இங்கிலீஷ் பாட்டு ஏத்தறான்?”

“அவனுக்கும் பொழுது போகணும்ல.”

நம்பிட்டான். எனக்கே ஆச்சரியம். ரோமிக்கு மட்டும் ரெண்டு பாக்கெட் சிகரெட் செலவாச்சு, வாயை மூட.

போன் பண்ணிக் கேட்டிருக்கான், என்ன யோசிக்கணும்னு. பக்கத்து வீட்டு கூட்டத்துக்கு நடுவுல வசந்தா என்ன சொல்லும்? ஒண்ணுமில்லைங்கன்னு வெச்சிடுச்சாம்.

அதுக்கப்புறம் அந்த ரெண்டு பாட்டையும் அவன் திரும்பத் திரும்பக் கேட்டது இருக்கே... கடைசியில வசந்தா குரல்ல அந்த ஒரு வரி வரணுமே, அதுக்காக. இங்கிலீஷ் சுத்தமா தெரியாது. வார்த்தையைத் தமிழ்ல எழுதி மனப்பாடம் பண்ணினான். தேரா பஜாருக்குப் போனப்ப கடை கடையா ஏறி, முழு ஆல்பத்தையே வாங்கினான். நாங்க ஹிட்டுக்கு ஓட்டுடான்னு கத்துவோம். அவன் பி சைடுல யாரும் சீந்தாத பாட்டையெல்லாம் வரிசையா போடுவான். “அவனுங்களும் கஷ்டப்பட்டுத்தானடா பாடியிருக்கானுங்க.”

கீழே இருக்கற போட்டோ கேம்ப் பார்ட்டியில நாங்க அந்தப் பாட்டைப் பாடினப்ப எடுத்தது. வெள்ளைச் சட்டை, காலுக்கு சேஃப்டி ஷூ. நடுவுல மைக்கோட முருகேசன். ஓரத்துல வயித்தை எக்கிக்கிட்டு நிக்கறது நான். எனக்குக் குடுத்த வேலை ‘ஊ’ மட்டும். அதையும் தப்பான இடத்துல போட்டேன்.

இன்னைக்கு எல்லாரும் ‘அந்தப் பாட்டுன்னாலே முருகேசன்தான்’னு எழுதறீங்க. படிக்கப் படிக்க எனக்கு எப்படி இருக்கும்...

அவன் அங்கேயே இருபத்திரண்டு வருஷம் இருந்தான். கிட்னி போனப்புறம்தான் ஊருக்குப் போனான். போன வருஷம் லீவுல ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தேன், சொல்லிடணும்னுதான். பக்கத்துல உக்காந்து, அவனுக்கு வெச்சிருந்த இட்லியில ரெண்டைத் தின்னுட்டு, கரண்ட் எப்போ போகுது எப்போ வருதுன்னு பேசிட்டு வந்துட்டேன்.

இன்னைக்கு ஷார்ஜாவுலேருந்து வசந்தாவுக்குப் போன் பண்ணி, எல்லாத்தையும் கொட்டிட்டேன். துக்க வீட்ல பேசற பேச்சா அது? ஆனா வாய் நிக்கல. அந்தக் கேசட்ல என்னம்மா இருந்துச்சுன்னும் கேட்டுட்டேன்.



“வந்துடுங்கன்னுதான்ணே பேசினேன். இங்கயே ஒரு பட்டறை போட்டுக்கலாம், பாப்பா போட்டோவைக் காட்டித்தான் அப்பாங்குது, போதும் வந்துடுங்கன்னு.”

மன்னிச்சிடும்மான்னேன்.

“நீங்க என்னண்ணே பண்ணுவீங்க. அடுத்த மாசமே இன்னொரு கேசட்ல அதையேதான் பேசி அனுப்பினேன். அதுலயும் ஏர்போர்ட்ல பாட்டு ஏத்திட்டாங்கன்னு லெட்டர் போட்டாரு. சரி, நம்ம நேரம்னு விட்டுட்டேன்.”

ம்னு மட்டும் சொல்லிட்டு வெச்சிட்டேன்.

தூங்கு மாப்ள.

நான் பாட்டு ஏத்தினது ஒரே ஒரு கேசட்லதான்.