பட்டியலில் இல்லாத பெயர்

நாங்கள் குடியேறிய பேர்ண் நகரில் அம்மா துப்புரவு செய்த தேவாலயம் எங்களுடையது அல்ல. நாங்கள் கத்தோலிக்கர். அங்கே கூடியது ஆபிரிக்கர்களும் அமெரிக்கர்களுமாக ஆங்கிலத்தில் கும்பிடுகிற வேறொரு சபை. அம்மா அந்தப் பேதமெல்லாம் பார்க்கமாட்டார். தான் துடைத்த வாங்குகளில் சனம் உட்கார்ந்திருப்பதை ஒருநாளாவது பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அந்த ஆசை நிறைவேறியது. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் சம உரிமைக்காகப் போராடிய காலத்தில் நிறவெறியர்களால் கொல்லப்பட்டவர்களை நினைவுகூரும் ஞாயிறு அது. போதகரும் ஒரு கறுப்பின அமெரிக்கப் பெண்மணி; அவர் எங்களையும் அழைத்திருந்தார்.

"இனத்துக்காகக் கொல்லப்பட்ட ஆக்களுக்குப் பூசையாம்" என்று அம்மாவுக்கு மொழிபெயர்த்தவள் நான்தான். வினை அங்கேதான் தொடங்கியது. எங்கள் பூசையில் செத்தவர்களின் பெயரைத் துண்டில் எழுதி வாசலில் கொடுத்தால் சுவாமியார் வாசிப்பார். அங்கேயும் அதுதான் வழக்கம் என்று நினைத்த அம்மா, கைப்பையிலிருந்து ஆங்கில எழுத்தில் எழுதிய ஒரு துண்டை எடுத்துப் போதகரிடம் நீட்டினார். தாத்தாவின் பெயராக்கும் என்று எட்டிப் பார்த்தேன். இல்லை. நான் கேள்விப்படாத ஒரு பெயர், பக்கத்தில் பத்தொன்பது என்ற எண்.

"ஆரம்மா இது?"

"சும்மா இரு பிள்ளை."

எனக்கு மானம் போனது. போதகர் துண்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், அதைத் தன் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார்.

பெயர்களும் வயதுகளும் வாசிக்கப்பட்டன. ஒவ்வொரு பெயருக்கும் சபை முழுவதும் ஒரே குரலில் பதில் சொன்னது. அந்தப் பட்டியலில் என்னைவிட ஒன்றிரண்டு வயதே மூத்த சிறுமிகளும் இருந்தார்கள். இருநூறு குரல்கள் எழும்பும்போது வாங்கு அதிர்வது என் கால்களுக்குத் தெரிந்தது. ஆனாலும் துண்டை அவர் மறந்துவிட வேண்டும் என்று மன்றாடிக்கொண்டே இருந்தேன்.

அவர் மறக்கவில்லை. கடைசியாக அதை எடுத்து, எழுத்துக்கூட்டி மெதுவாக வாசித்தார். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. அந்தப் பெயரை முன்பின் அறியாத அத்தனை பேரும் அதே பலத்தோடு அதே பதிலைச் சொன்னார்கள். என் வெட்கம் போன இடம் தெரியவில்லை.

அது அம்மாவின் தம்பியின் பெயர். ஊரில் ரியூசன் வகுப்புக்குப் போன வழியில், தமிழன் என்பதற்காக ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனவர். பிறகு தகவலும் இல்லை, உடலும் இல்லை. எங்கள் பூசையில் அம்மா அவருடைய பெயரை ஒருநாளும் கொடுத்ததில்லை. கொடுத்தால், செத்துவிட்டார் என்று தானே ஒத்துக்கொண்டதாகிவிடும். அன்றுதான் முதல்முறையாகக் கொடுத்தார். இதெல்லாம் எனக்குத் தெரிய இன்னும் பல வருடங்கள் இருந்தன.

அம்மா என் கையைப் பிடித்தார். "இப்ப என்ன சொன்னவை?"

"அவர் இங்கை இருக்கிறாராம்" என்றேன், என் ஆங்கிலத்தைக் காட்டிக்கொள்ளும் பெருமையில்.

அம்மா சட்டென்று திரும்பி வாசலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கதவு சாத்தியிருந்தது. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். யாரோ பிந்தி வருகிறார்களாக்கும் என்று நினைத்து, நான் வாங்கில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன்.