மூன்று குரல்களில் ஒரு விமானம்

"பிளேன் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழ பூருற நீ, வான் பாதுகாப்பு வேலைக்குப் போகப் போறியோ?" என்று மாமா சிரித்தார்.

ஊரில் போர் முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. புலம்பெயர்ந்து வந்து நாங்கள் இருக்கும் மல்வேர்ன் வீட்டின் மேலால் விமானம் போனால் நான் குனிவது உண்மைதான். ஆனால் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்த வேலை எனக்கு வேண்டும்.

நேச நாட்டுப் படைகளின் ரேடார்களை ஒரே திரையில் இணைக்கும் மென்பொருளைச் செய்யும் நிறுவனம் அது. நேர்முகத் தேர்வில், மூன்று ரேடார்கள் மூன்று விமானங்களைக் காட்டினால் முதலில் என்ன செய்வாய் என்று கேட்டார்கள்.

"மூன்றும் ஒன்றுதானா என்று பார்ப்பேன்" என்றேன். பிறகு ஊர்க் கதையைச் சொன்னேன். கிணற்றடியிலிருந்து அம்மா, "பிளேன் வருது!" என்று கத்துவார். வேலிக்கு அப்பால், அடுத்த வளவு அன்ரி, "இஞ்சாலயும் ஒண்டு வருதடி!" என்பார். பனையில் நிற்கும் அப்பா, "ஐயோ, மூண்டாவது!" என்பார். மூவரும் பார்த்தது ஒரே விமானத்தை. அது போன பிறகும், மிச்ச இரண்டும் போகட்டும் என்று பதுங்குகுழிக்குள் பின்னேரம் வரை இருப்போம்.

"அவை வந்தனவா?" என்று கேட்டார் தேர்வாளர்களில் ஒருவர், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தபடி.

"இன்னும் இல்லை."

அடுத்த கிழமை வேலைக் கடிதம் வந்தது. வீட்டில் ஒருவரிடமும் அபிப்பிராயம் கேட்காமல் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன்; கேட்டிருந்தால் ஒரு கடிதம் மூன்றாகியிருக்கும்.